கியோட்டோவில் வசதியான ஹோட்டல் எது? அவசரம், இன்றே பதிவு செய்ய வேண்டும்

வெண்ணாற்றங்கரை:
அனைவருக்கும் வணக்கம். குடும்பத்தோடு கியோட்டோ போகிறோம், நான்கு இரவு. வசதியான ஹோட்டல் ஒன்று சொல்லுங்கள். பதிவுத் தளத்தைத் திறந்தால் நூற்றுக்கணக்கில் வந்து கொட்டுகிறது. எல்லாவற்றுக்கும் பத்துக்கு எட்டுக்கு மேல் மதிப்பெண். எதை நம்புவது என்றே தெரியவில்லை. தள்ளுபடி இன்று நள்ளிரவோடு முடிகிறதாம். தெரிந்தவர்கள் உடனே சொன்னால் புண்ணியமாகப் போகும்.

குத்துவிளக்கு:
எந்த மாதம்? எத்தனை பேர்? வயதானவர்கள், குழந்தைகள் உண்டா? ஓர் இரவுக்கு எவ்வளவு வரை கொடுப்பீர்கள்? நோயைச் சொல்லாமல் மருந்து மட்டும் கேட்கிறீர்களே.

தண்டவாளம்:
இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. கியோட்டோ ரயில் நிலையத்தை ஒட்டி எடுங்கள், வேலை முடிந்தது. கான்சாய் விமான நிலையத்தில் இறங்கி ஹருகா ரயிலில் ஏறினால் வண்டி மாறாமல் வந்துவிடலாம். ஃபுஷிமி இனாரி கோயில், நாரா ரயில் பாதையில் இரண்டாவது நிறுத்தம். அராஷியாமாவுக்கு சாகானோ பாதை. நிலையத்தின் அடியிலேயே சுரங்க ரயில். தோஜி கோயிலின் 55 மீட்டர் ஐந்தடுக்குக் கோபுரத்துக்கு நடந்தே போகலாம். ஊரில் பஸ் ஏறவே கூடாது என்பது என் கட்சி. நெரிசல் நேரத்தில் ஹிகாஷியாமா சாலையில் பஸ்ஸை நத்தை முந்திவிடும்.

ஒரு எச்சரிக்கை: பெயரில் "கியோட்டோ ஸ்டேஷன்" என்று வைத்துக்கொண்டு, நிலையத்திலிருந்து நெடுந்தூரம் தள்ளி இருக்கும் ஹோட்டல்கள் உண்டு. வரைபடத்தில் எந்த வாசல் என்று பாருங்கள். வடக்கே கராசுமா வாசல், தெற்கே ஹாச்சிஜோ வாசல். நிலையம் பெரியது, தப்பான பக்கம் இறங்கினால் பெட்டியோடு உள்ளேயே ஒரு ஊர்வலம் போக வேண்டும்.

ஆலமரம்:
மாதம் தவறாமல் இதே கேள்வி. மேலே தேடும் பெட்டி என்று ஒன்று இருக்கிறது, அதை யாரும் தொடுவதில்லை.

794ஆம் ஆண்டு முதல் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் தலைநகராக இருந்த ஊர் அது. அங்கே போய், எந்த நாட்டிலும் கிடைக்கிற கான்கிரீட் அறைக்குள் படுத்துவிட்டு வருவதற்கு விமான டிக்கெட் எதற்கு? ரியோக்கான் என்ற பாரம்பரிய விடுதியில் தங்குங்கள். தத்தாமி பாய், ஃபுட்டோன் படுக்கை, அறைக்கே வரும் கைசெக்கி விருந்து. அதுதான் கியோட்டோ. மற்றதெல்லாம் பேருந்துக் கூட்டத்தோடு வந்து படமெடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு.

வெண்ணாற்றங்கரை:
நான்கு பேர். நான், மனைவி, அம்மா, பையன். ஏப்ரல் முதல் வாரம். சைவம். பட்ஜெட் நடுத்தரம். ரியோக்கான் படங்கள் பார்த்தேன், அழகாக இருக்கிறது. அதையே எடுத்துவிடலாமா?

குத்துவிளக்கு:
ஏப்ரல் முதல் வாரமா! செர்ரி பூக்கள் உச்சத்தில் இருக்கும் நேரமாயிற்றே. அந்த ஊரில் ஆண்டிலேயே அறை கிடைக்காத இரண்டு பருவங்களில் அது ஒன்று. இன்னொன்று இலை சிவக்கும் நவம்பர் பின்பாதி. "நடுத்தரம்" என்பது 15,000 யென்னா, 50,000 யென்னா? அம்மாவுக்கு வயது என்ன, முழங்கால் எப்படி? பையன் எத்தனை வயது?

திண்ணை:
ரியோக்கானுக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஒரு நிமிடம். அம்மாவால் தரையில் உட்கார்ந்து எழ முடியுமா? தாழ்ந்த மேசை, கால் இல்லாத நாற்காலி, படுக்கை தரையில். இரவில் இரண்டு முறை எழுந்திருக்கிறவர் என்றால் நான்கு இரவும் அவருக்குத் தண்டனைதான். குளியல் பல இடங்களில் பொதுக்குளியல். இரவுச் சாப்பாடு அவர்கள் சொன்ன நேரத்துக்கு. ஊர் சுற்றிக்கொண்டிருந்தாலும் ஆறு, ஏழு மணிக்குத் திரும்பி வந்தாக வேண்டும்.

மாச்சியா எனப்படும் பழைய மரவீடுகளை வாடகைக்கு விடுகிறார்கள், அதுவும் கண்ணில் பட்டிருக்கும். முகப்பு குறுகல், உள்ளே நீளம். பார்க்க நம் அக்ரகாரத்து வீடு மாதிரியே இருப்பதால் மனம் இழுக்கும். ஆனால் படுக்கையறை பெரும்பாலும் மாடியில், படிக்கட்டு ஏணியைப் போலச் செங்குத்து. முழங்கால் வலி உள்ளவர்களை அதில் ஏற்றக் கூடாது.

ஒசாகாவாசி:
கியோட்டோவில் தங்க வேண்டும் என்று யார் சொன்னது? ஒசாகா நிலையத்திலிருந்து விரைவு ரயிலில் அரை மணி நேரம், தனிக் கட்டணமும் கிடையாது. அறை பெரிது, விலை குறைவு, இரவு பத்து மணிக்கும் ஊர் விழித்திருக்கும். கியோட்டோவைப் பகலில் பார்த்துவிட்டு வந்து ஒசாகாவில் தூங்குங்கள்.

திண்ணை:
பெரியவரையும் குழந்தையையும் தினமும் காலையும் மாலையும் அலுவலகக் கூட்டத்தில் நிற்க வைத்து, அதற்கு மிச்சம் பிடித்தேன் என்று கணக்கா? பகலில் ஒரு மணி நேரம் அறைக்கு வந்து காலை நீட்டிக்கொள்ள முடிய வேண்டும். ஒசாகாவில் தங்கினால் அது நடக்காது. கியோட்டோவில் அறையே கிடைக்கவில்லை என்றால் ஒட்சு பாருங்கள். பீவா ஏரிக்கரை, கியோட்டோ நிலையத்திலிருந்து இரண்டாவது நிறுத்தம், பத்து நிமிடம்.

ஒசாகாவாசி:
ஒட்சுவில் இரவு என்ன இருக்கிறது?

திண்ணை:
தூக்கம்.

வெண்ணாற்றங்கரை:
அம்மாவுக்கு 68. முழங்கால் வலி உண்டு, மெதுவாக நடப்பார், படி ஏறச் சிரமம். பையனுக்கு 7. இரவுக்கு மொத்தமாக 45,000 யென் வரை. டோக்கியோவிலிருந்து வருகிறோம். ஒசாகா திட்டத்தில் இல்லை. ஒரே அறையில் நான்கு பேர் என்று போட்டால் எதுவும் வரவில்லை. "செமி டபுள்" இரண்டு எடுக்கலாமா? மலிவாக இருக்கிறது.

தண்டவாளம்:
டோக்கியோவிலிருந்தா! ஹருகாவைப் பற்றி எழுதிய என் பத்தியை அடித்துவிடுங்கள். ஷின்கான்சென் அதிவேக ரயிலில் நொசோமி வண்டி, இரண்டேகால் மணி நேரம். பெட்டியின் நீளம், அகலம், உயரம் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டினால், அதற்கான இருக்கையைச் சேர்த்து முன்பதிவு செய்ய வேண்டும். அதைவிட, டோக்கியோ ஹோட்டலின் வரவேற்பு மேசையிலேயே பெட்டிகளைக் கூரியரில் கொடுத்துவிடுங்கள். பொதுவாக மறுநாள் கியோட்டோ ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஓர் இரவுத் துணியைக் கைப்பையில் வைத்துக்கொண்டால் போதும். அம்மாவைப் பிடித்துக்கொள்ள உங்களுக்கு ஒரு கை மிஞ்சும்.

கணக்குப்பிள்ளை:
செமி டபுள் வேண்டவே வேண்டாம். ஜப்பானில் அது இருவர் கட்டில் அல்ல. அகலம் பெரும்பாலும் 120 சென்டிமீட்டர். ஒருவர் தாராளமாகப் படுக்கலாம். இருவர் என்றால் ஒருவர் புரளும்போது மற்றவரும் புரள வேண்டும். "ட்வின்" என்று தேடுங்கள், இரண்டு தனிக் கட்டில்.

மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள், சதுர மீட்டரைப் பாருங்கள். ஒவ்வொரு அறைக்கும் அது எழுதியிருக்கும். 13 சதுர மீட்டர் என்றால் ஒரு பெட்டியைத் தரையில் திறந்துவைத்தால் கதவுக்குப் போக வழி இருக்காது. இருவருக்கு 20க்குக் கீழே இறங்காதீர்கள். அறை "புகை பிடிக்கக் கூடாதது" என்பதையும் உறுதி செய்யுங்கள். புகை அறைகள் இன்னும் விற்பனையில் இருக்கின்றன.

அம்மாவுக்கு இடைஞ்சல் கட்டிலில் இல்லை, குளியலறையில்தான். சாதாரண வணிக ஹோட்டல்களில் குளியலறை முழுவதையும் ஒரே வார்ப்பாகச் செய்து அறைக்குள் பொருத்திவிடுகிறார்கள். அதன் தரை அறையின் தரையைவிட ஒரு படி உயரம். வாசலில் ஏறிக் காலை வைக்க வேண்டும். திரும்பும்போது, ஈரக் காலோடு அதே படியில் இறங்க வேண்டும். உள்ளே தனி ஷவர் கிடையாது. தொட்டியின் விளிம்பைத் தாண்டி உள்ளே நின்றுதான் குளிக்க வேண்டும், அந்த விளிம்பு முழங்கால் உயரம் வரும். ஜப்பானில் எங்கள் அத்தையைத் தடுத்தது கோயில் படிக்கட்டு அல்ல, அந்த விளிம்புதான். ஆகவே ஹோட்டலுக்கு எழுதிக் கேளுங்கள்: குளியலறை வாசலில் படி உண்டா, தொட்டிக்கு வெளியே குளிக்க இடம் உண்டா, சுவரில் கைப்பிடி உண்டா, குளிக்க முக்காலி தருவார்களா. பெரும்பாலும் பதில் வந்துவிடும். பல ஹோட்டல்களில் தடையற்ற அறை என்று ஓரிரண்டு வைத்திருக்கிறார்கள், கேட்டால்தான் தருவார்கள்.

குத்துவிளக்கு:
பகுதிக்கு என் ஓட்டு கராசுமா ஓய்கே. சுரங்க ரயிலின் இரண்டு பாதைகளும் வெட்டிக்கொள்ளும் இடம். கியோட்டோ நிலையத்துக்கு மூன்றாவது நிறுத்தம், நிஜோ கோட்டைக்கு அடுத்த நிறுத்தம். கிழக்கே போனால் ஹிகாஷியாமா, கெயாகே நிறுத்தங்கள். நான்சென்ஜி கோயிலுக்கு அங்கிருந்து நடை. ஊரின் அந்தப் பகுதி சமதரை. கியோமிசு கோயிலுக்கு மட்டும் டாக்ஸி வையுங்கள், நான்கு பேருக்குக் கட்டுப்படியாகும். கடைசி ஏற்றமும் படிகளும் எப்படியும் உண்டு. அதிகாலை போனால் கூட்டத்தில் இடிபடாமல் அம்மா நின்று நின்று ஏறலாம்.

தண்டவாளம்:
நிலையத்தின் பக்கத்திலேயே எடுத்தால் அந்த மூன்று நிறுத்தமும் மிச்சம்.

குத்துவிளக்கு:
மாலையில் வெளியே வந்தால் நிலையத்தைச் சுற்றி என்ன பார்ப்பார்கள்? இங்கே என்றால் நிஷிகி சந்தை நடக்கும் தூரம், கமோ ஆற்றங்கரையும் பக்கம். இந்திய உணவகங்களும் கவராமாச்சி, சான்ஜோ பக்கம் உண்டு.

ஆலமரம்:
கியோட்டோவுக்குப் போய் இந்திய உணவகமா? ரியோக்கானில் முன்கூட்டியே சைவம் என்று எழுதினால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். காய்கறி, தோஃபு, சோறு. இதற்கு இத்தனை கவலையா?

பாகற்காய்:
அந்தக் காய்கறி எதில் வெந்தது என்று கேட்டீர்களா, ஐயா? தாஷி என்ற சாறுதான் அங்கே எல்லாவற்றுக்கும் அடிப்படை. கொம்பு என்ற கடற்பாசியோடு, உலர்த்திச் சீவிய மீனையும் போட்டு இறக்குவது அது. மிசோ சூப், அவித்த கீரை, தோஃபுவுக்குத் தரும் தொட்டுக்கொள்ளும் நீர், எல்லாவற்றிலும் இருக்கலாம்.

ஆலமரம்:
சீவலை வடிகட்டி எடுத்துவிடுகிறார்கள். மீன் வாடையே தெரியாது. நான் சைவ நண்பர்களை அழைத்துப் போயிருக்கிறேன், ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

பாகற்காய்:
கண்டுபிடிக்காவிட்டால் சைவம் ஆகிவிடுமா? அந்த நண்பர்களிடம் இன்றைக்காவது சொல்லிவிடுங்கள்.

திண்ணை:
அப்படிப் போடுங்கள்.

ஆலமரம்:
பல நூற்றாண்டுச் சமையல் மரபை ஒரு சீவலுக்காகத் தள்ளிவைப்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

பாகற்காய்:
மரபு என்றால் பௌத்த மடங்களின் ஷோஜின் சமையலும் அந்த ஊர் மரபுதான். மீன் கிடையாது, சாறு கொம்பிலும் ஷீட்டாகே காளானிலும் எடுப்பது. வெங்காயம், பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. உங்கள் கைசெக்கியைவிடப் பழையது. கேட்டவருக்கு: கோயில் வளாகங்களில் மதிய வேளைக்கு இது கிடைக்கிறது, முன்பதிவு தேவைப்படலாம். "சைவம்" என்று மட்டும் சொல்லாமல் "மீன் தாஷியும் வேண்டாம்" என்று ஜப்பானிய மொழியில் ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஹோட்டல் காலை உணவைச் சேர்த்துக் கட்டாமல் அறை மட்டும் எடுத்தாலும் நல்லது.

ஒசாகாவாசி:
இதற்குத்தான் ஒசாகா என்றேன்.

பாகற்காய்:
ஒசாகாவில் தாஷி இல்லையா?

கணக்குப்பிள்ளை:
நள்ளிரவு நெருங்குகிறது, சாற்றை அடுப்பிலேயே விட்டுவிட்டு அறைக்கு வருவோம். நள்ளிரவுத் தள்ளுபடி என்பதில் பெரும்பாலானவை ரத்து செய்ய முடியாத அறைகள். பெரியவரை வைத்துக்கொண்டு அதை எடுக்காதீர்கள். சற்று விலை கூடினாலும், ரத்து செய்தால் பணம் திரும்புகிற அறையை இப்போது பிடித்து வையுங்கள். குளியலறைக் கேள்விக்குப் பதில் வந்த பிறகு உறுதி செய்யலாம். பையனின் வயதைப் பதிவில் குறிப்பிடுங்கள். பெரியவரோடு ஒரே கட்டிலில் படுக்கும் சிறுவருக்குக் கட்டணம் உண்டா என்பது ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறும்.

வெண்ணாற்றங்கரை:
கராசுமா ஓய்கே பக்கம் ட்வின் அறை இரண்டு எடுத்துவிட்டேன், 22 சதுர மீட்டர், ரத்து செய்யலாம். குளியலறை பற்றி எழுதியிருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி.

குத்துவிளக்கு:
நல்லது. இரண்டு அறையும் ஒரே மாடியில் பக்கத்துப் பக்கத்தில் வேண்டும் என்பதையும் கேட்டு எழுதுங்கள். ஹோட்டல் பதில் சொன்னதும் இங்கே ஒரு வரி போடுங்கள், அடுத்தவர்களுக்கு உதவும்.

தண்டவாளம்:
சுரங்க ரயில் நிலையத்தின் எந்த வாசல் பக்கம்? லிஃப்ட் எல்லா வாசலிலும் இருக்காது.

ஆலமரம்:
ஓர் இரவாவது ரியோக்கான் வைத்திருக்கலாம். சொன்னால் கேட்பதில்லை.

கணக்குப்பிள்ளை:
இருக்கிறாரா, தூங்கப் போய்விட்டாரா தெரியவில்லை, எழுதி வைக்கிறேன். தங்கும் வரி தனி, பதிவுத் தளத்தின் விலையில் பெரும்பாலும் சேராது. 2026 மார்ச் முதல் கியோட்டோ அதை ஏற்றிவிட்டது. அறை வாடகையை ஆள் கணக்கில் பிரித்தால் 6,000 யென்னிலிருந்து 20,000 யென்னுக்குள் வருகிறவர்களுக்கு ஆளுக்கு, இரவுக்கு 400 யென். பெரியவர்கள் மூவர், நான்கு இரவு, 4,800 யென். பையனுக்கும் உண்டா என்று வரவேற்பு மேசையில் கேட்டுக்கொள்ளுங்கள்.