தஞ்சாவூர் ஒரு நாள்: அரண்மனையை விட்டுவிடலாமா?

வெண்ணாறு:
அப்பா அம்மாவோடு ஞாயிறு காலை தஞ்சாவூர் போகிறோம், மாலை ரயிலில் திரும்ப வேண்டும். பெரிய கோயில் கட்டாயம். மிச்ச நேரத்துக்கு அரண்மனையா, தாராசுரமா? அரண்மனை வேஸ்ட் என்று வீட்டில் ஒருவர் சொல்கிறார்.

மீகாமன்:
சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். மைசூர் அரண்மனையை மனதில் வைத்துக்கொண்டு உள்ளே போனால் அரை மணி நேரத்தில் முகம் தொங்கிவிடும். அந்த ஜொலிப்பு, வண்ணக் கண்ணாடிக் கூரை, எதுவும் இங்கே கிடையாது. ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி டிக்கெட் வேறு. தாராசுரம் போங்கள். 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கோயில். கல்லில் தேர்ச்சக்கரமும் குதிரையும் வைத்த மண்டபம், தூணுக்குத் தூண் குட்டிக் குட்டிச் சிற்பங்கள். எல்லாம் சோழர் வேலை. அரண்மனை நாயக்கர் கட்டி மராத்தியர் சேர்த்தது. சோழர் ஊருக்கு வந்துவிட்டு அதை எதற்குப் பார்க்க வேண்டும்?

ஓலைக்கட்டு:
மைசூரோடு ஒப்பிடுவதே பொருந்தாது. அங்கிருந்த பழைய மர அரண்மனை 1897இல் எரிந்த பிறகு ஹென்றி இர்வின் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் வரைந்து 1912இல் முடிந்ததுதான் இப்போது நாம் பார்ப்பது. நம் சென்னை உயர் நீதிமன்றத்திலும் அவர் கை உண்டு. தஞ்சை அரண்மனை 16ஆம் நூற்றாண்டில் தொடங்கியது.

அதை விடுங்கள். சோழரைத் தேடி வருகிறவர்தான் அரண்மனைக்குக் கட்டாயம் போக வேண்டும் என்பேன். கலைக்கூடம் அங்கேதானே இருக்கிறது? நாயக்கர் தர்பார் மண்டபத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகள் வரிசையாக நிற்கின்றன. திருவெண்காட்டில் மண்ணுக்கடியில் கிடைத்த ரிஷபவாகனர், அதாவது காளையோடு நிற்கும் சிவன், ஒருவர் போதும். தலையில் சுற்றிய சடை, லேசாக மடித்த கால், காளையின் மேல் சாய்ந்த கை. காளை இல்லை, கை மட்டும் அந்த இடத்தில் நிற்கிறது. 1011ஆம் ஆண்டை ஒட்டியது. பெரிய கோயில் விமானத்துக்குக் கலசம் வைத்தது 1010இல். ஒரே ராஜராஜன் காலம், நடுவில் ஒரு வருஷம்தான். கல்லில் பார்த்துவிட்டுச் செம்பில் பார்க்காமல் ரயில் ஏறுவது என்ன கணக்கு?

மீகாமன்:
செம்பு பார்க்க எழும்பூர் அருங்காட்சியகம் இருக்கிறதே. அதுவும் சாமி கோயிலில் இருந்தால்தான் சாமி. கூடத்தில் நிறுத்தி வைத்தால் பொம்மை மாதிரி. எனக்கு மனது ஒட்டவில்லை.

ஓலைக்கட்டு:
மனது ஒட்டுவது உங்கள் விஷயம். ஆனால் கோயிலில் உற்சவரைப் பட்டும் மாலையும் மூடியிருக்கும், முகம் மட்டும்தான் தெரியும். இடுப்பின் வளைவு, விரல், முதுகுப் பக்கம் என்று சிற்பி செய்த வேலையை முழுதாகப் பார்க்க முடிவது இங்கேதான்.

பெரிய கோயிலிலேயே சோழரின் நல்ல சரக்கு பாதி பூட்டிக் கிடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கருவறையைச் சுற்றியுள்ள உள்சுற்றில் நாயக்கர் ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். பொதுமக்களுக்கு அங்கே அனுமதி இல்லை. மேல்தளத்தில் கரணங்கள் எனும் நடன நிலைகளைக் காட்டும் 81 சிற்பங்களும் அப்படித்தான்.

புலிக்கொடி:
நாயக்கர், மராத்தியர் எல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவர்கள். எனக்குச் சுத்தமான சோழர் போதும். பெரிய கோயில், 216 அடி, ஆயிரம் வருஷம். அதன் நிழல் தரையிலேயே விழாது. அதற்கு மேல் என்ன வேண்டும்?

ஓலைக்கட்டு:
நிழல் விழும் சார். வெயிலில் நின்று பாருங்கள், போட்டோவிலும் தெரியும்.

சுத்தமான சோழர் வேண்டுமென்றால் கோயிலுக்குள்ளேயே கண்ணை மூடிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். முதல் வாசல் மராத்தியர் காலத்தது. ராஜராஜன் கட்டிய கேரளாந்தகன் வாசல் அதற்குப் பிறகுதான் வரும். எல்லோரும் செல்ஃபி எடுக்கும் நந்தியும் அதன் மண்டபமும் நாயக்கர் காலம். சுப்பிரமணியர் சன்னதியும் அப்படித்தான். அம்மன் சன்னதி பாண்டியர். திருச்சுற்றுச் சுவரில் தன் போன்ஸ்லே வம்ச வரலாற்றை 1803இல் மராத்தியில் வெட்டி வைத்தார் தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி. இதையெல்லாம் பெயர்த்து எடுத்துவிட்டா பார்க்கப் போகிறீர்கள்?

புலிக்கொடி:
சரபோஜியா? 1799 ஒப்பந்தத்தில் ராஜ்ஜியத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டுக் கோட்டையும் பென்ஷனுமாக உட்கார்ந்தவர். அவருக்கு இத்தனை வக்காலத்தா?

கீழவாசல்:
இதில் நானும் குறுக்கே வருகிறேன். பென்ஷன் ராஜாதான், மறுக்கவில்லை. ஆனால் அதிகாரம் போன பிறகு மற்ற சமஸ்தானங்களில் பணம் எங்கெங்கே போனது என்று நமக்குத் தெரியும். இவர் புத்தகமும் சுவடியும் வாங்கினார், அச்சகம் வைத்தார், கண் நோயாளிகளின் நிலையைப் படம் வரைந்து குறித்து வைத்தார். நாயக்கர் காலத்து ஏட்டுக் களஞ்சியத்தை, அரண்மனை வளாகத்தில் இருக்கும் சரஸ்வதி மகால் நூலகமாக வளர்த்தவர் அவர்தான். இன்று 40,000க்கும் மேற்பட்ட சுவடிகள், சமஸ்கிருதம்தான் அதிகம். தமிழ், தெலுங்கு, மராத்தியும் உண்டு. சுவடி எடுத்துப் புரட்ட ஆராய்ச்சியாளராக இருக்க வேண்டும். மற்றவர்களுக்குச் சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது, இருபது நிமிஷத்தில் பார்த்துவிடலாம்.

வெண்ணாறு, உங்களுக்கு ஒரு யோசனை. விடிந்ததும் பெரிய கோயில். தரைக்கல் சுடுவதற்கு முன் முடித்துவிடுங்கள், பெரியவர்கள் வெறுங்காலோடு நடக்க வேண்டும். உச்சி வேளையில் நடை சாத்திவிடுவார்கள், மாலை நாலு மணி ஆகும் திறக்க. தாராசுரம் கும்பகோணம் பக்கம், அங்கும் மதியம் இதே கதை. அந்த நேரத்தில் நிழலாக உட்கார்ந்து பார்க்க அரண்மனைதான் தோது.

மீகாமன்:
நேரத்துக்காகப் போகச் சொல்வது வேறு, பார்க்கத் தகுந்தது என்பது வேறு. மராத்தா தர்பார் மண்டபத்துக்கு இரண்டு பெரியவர்களை வெயிலில் நடத்திக் கூட்டிப்போக நான் இன்னமும் சொல்ல மாட்டேன்.

வெண்ணாறு:
அப்பாவுக்கு மூட்டுவலி, அரண்மனைக் கோபுரம் ஏறுகிற வேலை கிடையாது. கோயில் முடித்துக் கலைக்கூடம், சரஸ்வதி மகால், அதோடு சாப்பாடு. தாராசுரத்துக்குக் கும்பகோணத்தில் ஒரு ராத்திரி தங்குகிற மாதிரி தனியாக வருகிறோம். புலிக்கொடி அண்ணே, நிழலைப் போட்டோ எடுத்துப் போடுகிறேன்.