லிசனிங்கில் ஆறிலிருந்து ஏழரைக்கு: நெல்லைப் பக்கத்து அனுபவங்கள்

சேரன்மகாதேவியிலிருந்து:

பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆறு வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். இங்கிலாந்து போவதற்காக ஐஇஎல்டிஎஸ் என்ற இங்கிலீஷ் பரீட்சையில் அகடமிக் வகையை எழுதினேன். அங்கே நர்ஸாகப் பதிவு செய்ய, 9-க்கு, ரீடிங், லிசனிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் 7, ரைட்டிங்கில் 6.5 வேண்டும். முதல் தடவை மற்ற மூன்றும் வந்துவிட்டன, லிசனிங் மட்டும் 6. லிசனிங்கில் மொத்தம் 40 கேள்வி, 6 வாங்க ஏறக்குறைய 23 சரியாக இருந்தால் போதும், 7 வாங்க 30 வேண்டும். நான் கம்ப்யூட்டரில் இல்லாமல் பேப்பரில் எழுதியிருந்தேன், அதில் ஒரு பகுதியை மட்டும் திரும்ப எழுத முடியாது, அதனால் அந்த ஏழு கேள்விக்காக மறுபடி முழுப் பணமும் கட்டி, மறுபடி மதுரைக்குப் போய், நாலு பகுதியும் முதலிலிருந்து எழுத வேண்டியதாகிவிட்டது. ரிசல்ட் பார்த்த அன்று நன்றாக அழுதேன். என் மாதிரி அழுதுகொண்டிருக்கிற யாருக்காவது உதவட்டும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் போன கோச்சிங் சென்டரில் லிசனிங்குக்கு என்று பாடமே கிடையாது. தினம் ஒரு மாடல் டெஸ்ட் போடுவார்கள், விடை வாசிப்பார்கள், எத்தனை சரி என்று கேட்பார்கள், முடிந்தது. இருபது டெஸ்ட் எழுதியும் எனக்கு 24, 25-ஐத் தாண்டவில்லை. ஏன் தப்பு வருகிறது என்று ஒரு நாளும் யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை. கேட்டால் இங்கிலீஷ் படம் பாருங்கள் என்றார்கள். பார்த்தேன். கண் கீழே ஓடும் எழுத்தை வாசித்துக்கொண்டே இருந்தது, காதுக்கு வேலையே இல்லை.

ஒரு நைட் ஷிஃப்ட் முடிந்த காலையில்தான், நான் தப்பாக எழுதிய ஒரு டெஸ்டின் ஆடியோவில் பேசுவது அப்படியே அச்சடித்து இருக்குமே, புத்தகத்தின் பின்பக்கம், அதை எடுத்து வாசித்தேன். தெரியாத வார்த்தை ஒன்றுகூட இல்லை. எல்லாம் எட்டாம் வகுப்பு வார்த்தை. வாசித்தால் புரிகிறது, கேட்டால் புரியவில்லை. கப் ஆஃப் டீ என்று எழுதியிருக்கிறது, அவர்கள் வாயில் அது கப்பட்டீ. ஷுட் ஹேவ் பீன் என்பது ஷுடபின். டிட் யூ என்பது டிஜ்ஜு.

நாம் மட்டும் எழுதுகிறபடியா பேசுகிறோம்? வந்துகொண்டிருக்கிறார்கள் என்று எழுதுகிறோம், வாயில் வந்துக்கிட்டு இருக்காவ என்றுதானே வருகிறது. எங்கள் வார்டுக்குச் சென்னையிலிருந்து புதிதாக ஒரு டாக்டர் வந்தார். ஒரு பாட்டி, "நேத்துல இருந்து வயிறு பொருமிக்கிட்டு கெடக்கு, ஒண்ணும் எறங்க மாட்டேங்கு" என்றதும் அவர் திரும்பி என்னைப் பார்த்தார். தமிழர்தான் அவரும். இரண்டு மாதம் ரவுண்ட்ஸ் போன பிறகு, பாட்டிமாருடன் என் உதவி இல்லாமலே பேசினார். அவர் தமிழ் இலக்கணம் படித்தா புரிந்துகொண்டார்? கேட்டுக் கேட்டுக் காது பழகியது. எனக்கு இங்கிலீஷ் கண் வழியாக வந்தது, காது வழியாக வரவே இல்லை, அதுதான் என் பிரச்சினை என்று அப்போதுதான் பிடிபட்டது.

அதன் பிறகு மாடல் டெஸ்ட் எழுதுவதை ஒரு மாதம் நிறுத்தினேன். தினம் இரண்டு நிமிட ஆடியோ, அவ்வளவே. ஒரு வாக்கியம் ஓடவிட்டு நிறுத்தி, காதில் விழுந்ததை அப்படியே நோட்டில் எழுதுவேன். விழாத இடத்தில் கோடு. நாலு தடவை கேட்டும் விழவில்லை என்றால்தான் அச்சில் இருப்பதைத் திறப்பது. எழுதியதற்கும் அச்சுக்கும் வித்தியாசம் வந்த இடத்தில் சிவப்புப் பேனா. பிறகு அந்த வாக்கியத்தை அவர்கள் சொல்கிற வேகத்தில் வாய்விட்டுச் சொல்வது. பிபிசி லேர்னிங் இங்கிலீஷில் 6 மினிட் இங்கிலீஷ் என்று வருகிறதே, அதற்குப் பேச்சு முழுவதும் எழுத்திலும் இருக்கிறது, காசும் கிடையாது. முதல் வாரம் இரண்டு நிமிடத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. அம்மா எட்டிப் பார்த்து, "ஏட்டி, ஒரே ஆளு ஒரே பேச்சயே பேசிக்கிட்டு இருக்கானே" என்பார்கள்.

மூன்று வாரம் கழித்து சிவப்புக் கோடுகளை மட்டும் புரட்டிப் பார்த்தேன். என் தப்புகள் நூறு வகை இல்லை, திரும்பத் திரும்ப நாலு வகைதான்.

முதலாவது, கடைசியில் வரும் 'ஸ்'. டிக்கெட்ஸ் என்பதை டிக்கெட் என்று எழுதியிருப்பேன். தமிழில் நாம் ரெண்டு டிக்கெட், பத்து மாம்பழம் என்றுதான் சொல்கிறோம், எண்ணே பன்மையைக் காட்டிவிடுகிறது, அதனால் காது அந்த 'ஸ்'ஸைத் தேடுவதே இல்லை. ஆனால் அங்கே ஒரு 'ஸ்' போனால் ஒரு மார்க் போச்சு. எழுத்துப் பிழைக்கும் அப்படித்தான்.

அடுத்தது எண்கள். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும். முதலாவதில் அழுத்தம் பின்னால் விழும், இரண்டாவதில் முன்னால். போன் நம்பரில் பூஜ்ஜியத்தை ஓ என்பார்கள், இரண்டு நாலு சேர்ந்து வந்தால் டபுள் ஃபோர். இதற்கு எனக்கு வாய்த்த பள்ளிக்கூடம் நெல்லை ஜங்ஷன். அண்ணனை ரயில் ஏற்றப் போகும்போதெல்லாம் தமிழ் அறிவிப்பை விட்டுவிட்டு இங்கிலீஷ் அறிவிப்பு வரும்வரை காத்திருந்து, வண்டி எண், நேரம், பிளாட்ஃபாரம் மூன்றையும் கையில் எழுதுவேன். நெல்லை எக்ஸ்பிரஸ் 12632 என்பதை ஒவ்வோர் எண்ணாகச் சொல்லும்போது பிடிக்கப் பழகினேன்.

மூன்றாவது, பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்வது. ஏ, இ, ஐ மூன்றும் எனக்குக் குழம்பும், ஜியும் ஜேயும் குழம்பும். தங்கச்சி தெருப் பெயர்களை எழுத்தெழுத்தாக வாசிக்க, தினம் பத்துப் பெயர் எழுதினேன். பத்து நாளில் சரியாகிவிட்டது, இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

நாலாவதில்தான் நான் அதிகம் இழந்தேன். பேசுபவர் ஒன்று சொல்லிவிட்டுப் பிறகு மாற்றுவார். ஹால் புக் பண்ண வருபவர் செவ்வாய் என்பார், ஹாலைப் பார்த்துக்கொள்கிற அம்மா செவ்வாய் முழுக்க வேறு ஆள் எடுத்துவிட்டார் என்பார், அப்போ வியாழன், அதுவும் காலையில் இல்லை, மதியம் என்று முடியும். நான் செவ்வாய் காதில் விழுந்ததும் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பேன். இது சந்தையில் விலை பேசுகிற மாதிரி. முதலில் சொல்வது விலை இல்லை, பேச்சு முடிகிற இடம்தான் விலை. ஆனால், இல்லை, உண்மையில் என்று பொருள்படுகிற இங்கிலீஷ் வார்த்தை காதில் விழுந்தால் பேனாவை நிறுத்திவிட வேண்டும் என்று பழக்கிக்கொண்டேன்.

வேலைக்குப் போகிற பஸ்ஸில் பத்தமடை, முன்னீர்பள்ளம், மேலப்பாளையம் தாண்டும்வரை, ஏற்கெனவே எழுதி முடித்த ஆடியோவைத் திரும்பக் கேட்பேன், புதிது கேட்க மாட்டேன். பஸ் சத்தத்தில் புதிது கேட்டால் எரிச்சல்தான் மிச்சம். பழையதைக் கேட்கும்போது, போன வாரம் கோடு போட்ட இடம் இப்போது தானாக விழுவது தெரியும். அந்தச் சந்தோஷம்தான் என்னை மூன்று மாதம் இழுத்துக்கொண்டு போனது.

இரண்டாவது தடவை லிசனிங் 7.5. வீட்டுக்கு வரும்வரை காத்திருக்க முடியவில்லை, வார்டிலிருந்தே அம்மாவுக்குப் போன் போட்டேன்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

அக்கா, நீங்கள் சொன்ன 'ஸ்' விஷயம் எனக்கும் அப்படியே. நான் கனடாவுக்காக ஐஇஎல்டிஎஸ்ஸில் ஜெனரல் டிரெயினிங் வகையை எழுதினேன். லிசனிங் இரண்டு வகைக்கும் ஒன்றுதான். எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்கிற கனடா குடியேற்ற முறையில் சிஎல்பி (அவர்களுடைய மொழித் தர அளவு) 9 கிடைக்க மற்ற மூன்றில் 7 இருந்தால் போதும், லிசனிங்கில் மட்டும் 8 கேட்கிறார்கள், அதாவது 40-க்கு 35 பக்கம்.

லிசனிங்குக்குள்ளேயே நாலு பகுதி உண்டு, என்னைக் கவிழ்த்தது அதில் இரண்டாவது பகுதியில் வரும் மேப். ஒரு பூங்காவோ மியூசியமோ படமாக இருக்கும், ஒருவர் வழி சொல்லிக்கொண்டே போவார், எந்தக் கட்டடம் எந்த எழுத்து என்று நாம் போட வேண்டும். நம்ம ஊரில் வழி கேட்டால் யார் இடது வலது சொல்கிறார்கள்? தெக்க போயி மேக்க திரும்புங்க என்றுதானே சொல்வார்கள், எனக்கும் மனசில் திசைதான் ஓடும். அங்கே உங்கள் வலப்பக்கம், எதிரே, தாண்டி, மூலையில் என்று போகும்போது, நான் இன்னும் நுழைவாயிலிலேயே நின்றுகொண்டிருப்பேன். ஒன்று தவறியதும், அது எங்கே என்று யோசித்துக்கொண்டிருந்ததில் அடுத்த நாலும் போய்விட்டது. ஆடியோ ஒரே தடவைதான் ஓடும், திரும்ப வராது.

இதற்கு நான் செய்தது, நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியுள்ள ரதவீதிகளைத் தாளில் வரைந்து, வாசலில் நிற்கிற மாதிரி நினைத்து, ஒவ்வொரு கடைக்கும் போகிற வழியை இங்கிலீஷில் நானே சொல்லிப் போனில் பதிவு செய்தேன். மறுநாள் அதைக் கேட்டுக்கொண்டே வேறு தாளில் விரல் வைத்து நடந்தேன். பார்த்த இடம் என்பதால் தப்பாகச் சொன்னால் உடனே தெரிந்துவிடும். படத்தில் வடக்கு எது என்று அம்புக்குறி போட்டிருந்தால், கிழக்கு மேற்கு என்றும் சொல்ல வாய்ப்பு உண்டு, அது நமக்கு லாபம்.

அப்புறம் ஒன்று தவறினால் விட்டுவிட வேண்டும். கேள்விகள் ஆடியோ வரிசையிலேயே இருக்கும், அதனால் அடுத்த கேள்வியின் முக்கிய வார்த்தை காதில் விழுந்துவிட்டால் போனது போனதுதான், கடைசியில் ஏதாவது ஊகித்து எழுதலாம், தப்புக்கு மார்க் குறைக்க மாட்டார்கள். நாலாவது பகுதியில், அந்த லெக்சரில், நடுவில் இடைவெளியே கிடையாது, அங்கே ஒன்றுக்காக நின்றால் மீளவே முடியாது.

நான் கம்ப்யூட்டரில் எழுதினேன். பேப்பரில் எழுதினால் விடைகளை விடைத்தாளுக்கு எடுத்தெழுத 10 நிமிடம் உண்டு, கம்ப்யூட்டரில் சரிபார்க்க 2 நிமிடம்தான். எனக்குத் தட்டச்சு வேகம் என்பதால் கஷ்டமாக இல்லை. கம்ப்யூட்டரில் எழுதியவர்களுக்கு ஒரு பகுதியை மட்டும் திரும்ப எழுதும் ஒன் ஸ்கில் ரீடேக் இருக்கிறது, 60 நாளுக்குள் எழுத வேண்டும். நீங்கள் விண்ணப்பிக்கிற இடம் அதை ஏற்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

மேலப்பாளையத்திலிருந்து:

நானும் நர்ஸ்தான். நான் மருத்துவத் துறையினருக்கான ஓஇடி என்ற இங்கிலீஷ் பரீட்சை எழுதினேன், நர்ஸ்களாக இருந்தால் அதையும் யோசியுங்கள். லிசனிங்கில் 42 கேள்வி. முதல் பகுதியில் இரண்டு நோயாளிகள் தங்கள் கஷ்டத்தைச் சொல்வார்கள், நாம் குறிப்பில் 24 கோடிட்ட இடம் நிரப்ப வேண்டும். தினம் வார்டில் கேஸ் ஹிஸ்டரி எழுதுகிறவளுக்கு அது வேலை மாதிரியே இருந்தது. ஆனால் ஒரு எச்சரிக்கை: நோயாளி வயிற்றில் எரிகிற மாதிரி இருக்கிறது என்றால் நாம் பழக்கதோஷத்தில் மருத்துவப் பெயரைப் போட்டுவிடுவோம். அவர் சொன்ன வார்த்தையையே எழுதுவதுதான் நல்லது. இங்கிலாந்துக்கு லிசனிங்கில் பி கிரேடு, அதாவது 350 வேண்டும். எனக்குக் கடைசிப் பகுதி, நீளமான பேட்டி, அதுதான் கஷ்டம். அதற்கு அக்கா சொன்ன நோட்டுப் பயிற்சியைத் தவிர எனக்கும் வேறு வழி தெரியவில்லை.

சங்கரன்கோவிலிலிருந்து:

அக்கா, நான் பன்னிரண்டு வரை தமிழ் மீடியம், இப்போது நர்சிங் மூன்றாம் வருடம். ஒரு நிமிட ஆடியோவில் பாதி வார்த்தை காதில் விழவில்லை. நோட்டு முழுக்கக் கோடுதான். இதை இப்போதே ஆரம்பிக்கலாமா, இல்லை முதலில் கிராமர் படித்து முடிக்கவா?

சேரன்மகாதேவியிலிருந்து:

தங்கச்சி, நானும் பன்னிரண்டு வரை தமிழ் மீடியம்தான். கிராமர் முடியட்டும் என்று காத்திருக்காதே, இப்போதே ஆரம்பி. இரண்டு நிமிடம் வேண்டாம், இருபது விநாடி எடுத்துக்கொள். போனிலேயே வேகத்தை 0.75 என்று குறைத்து இரண்டு தடவை கேள், அப்புறம் உண்மையான வேகத்தில் இரண்டு தடவை. பாதி விழவில்லை என்றால் பாதி விழுந்திருக்கிறது, அந்தப் பாதியை எழுது. பிரிட்டிஷ்காரர் பேச்சு கொஞ்சம் பழகிய பிறகு ஆஸ்திரேலிய ரேடியோவும் கேள், பரீட்சையில் அந்த உச்சரிப்பும் வரும். உனக்கு இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறது, எனக்கு மூன்று மாதம்தான் இருந்தது. முதல் வாரம் எழுதிய பக்கத்தைப் போட்டோ எடுத்துப் போடு, கோடு எங்கெங்கே விழுகிறது என்று நான் பார்த்துச் சொல்கிறேன். இந்த வாரம் எனக்கு நைட், அதனால் பதில் காலையில்தான் வரும்.