கன்னத்துக்குள் மஞ்சள் கட்டி: கிளினிக்கிலேயே எடுக்கலாமா?

கொட்டியாரம்:
மூதூர் அம்மா ஒருவர், வயது 56. இடது கன்னத்தின் உட்புறத்தில் 2 செ.மீ. கட்டி. நோவில்லை, மெத்தென்றிருக்கிறது. மஞ்சள் நிறம், மேலே மெல்லிய இரத்தக் குழாய்கள் ஓடுவது தெரிகிறது. வெற்றிலை போடுபவர், ஆனால் வெள்ளைப் படையோ புண்ணோ இல்லை. லிபோமாவா (கொழுப்புக் கட்டி), மியூக்கோசீலா (உமிழ்நீர் தேங்கி வரும் கட்டி)? இங்கேயே எடுக்கவா, திருகோணமலைக்கு அனுப்பவா?

நிலாவெளி:
லிபோமா மாதிரித்தான் இருக்கிறது டொக்டர். மியூக்கோசீல் பெரும்பாலும் கீழுதட்டில், இளவயதில், நீலம் பாய்ந்து வரும். உடைந்து வற்றி மறுபடி வீங்கும்.

ஒரு விரலை வாய்க்குள்ளும் ஒன்றைக் கன்னத்துக்கு வெளியிலும் வைத்துப் பிடித்துப் பாருங்கள். வழுக்கி அசைந்தால் அங்கேயே எடுக்கலாம். கன்னத்தை இறுக்கச் சொல்லும்போது கட்டியும் இறுகி நின்றால் தசைக்குள் இருக்கக்கூடும். அப்படியானால் ஸ்கேன் பார்க்காமல் கத்தி வைக்காதீர்கள், அனுப்பிவிடுங்கள்.

எடுப்பதானால் விறைப்பு ஊசியாக 2% லிக்னொகெயின், 1:80,000 அட்ரினலினுடன். கட்டியைச் சுற்றித்தான் போட வேண்டும். உள்ளே போட்டால் எல்லை கலங்கிவிடும். மேல் இரண்டாம் கடைவாய்ப் பல்லுக்கு எதிரே பரோட்டிட் உமிழ்நீர்ச் சுரப்பியின் குழாய் திறக்கிறது. காதுக்கு முன்னால் அழுத்தி, உமிழ்நீர் கசியும் புள்ளியைக் கண்டுகொண்டு, அதற்குக் கீழே கிடையாக வெட்டுங்கள். சளிப்படலம் திறந்ததும் கத்தியை வைத்துவிட்டு, மொஸ்கிற்றோ ஃபோர்செப்ஸை (நுனி மெல்லிய சிறு இடுக்கி) மூடி நுழைத்து, திறந்து திறந்து பிரியுங்கள். உறை கிடைத்தால் கட்டி நழுவி வரும். இழுக்க இழுக்கக் கொழுப்பு வந்துகொண்டே இருந்தால் கன்னத்தின் பக்சினேற்றர் தசை கிழிந்து, கன்னக் கொழுப்புத் திண்டு எட்டிப் பார்க்கிறது என்று அர்த்தம். சக்ஷனை (உறிஞ்சும் குழாய்) உடனே விலக்குங்கள், இல்லாவிட்டால் இன்னும் இழுத்துவிடும். உள்ளே தள்ளி, தசையை 4-0 விக்ரிலால் (தானாகக் கரையும் நூல்) தைத்து மூடுங்கள்.

உப்புவெளி லாப்:
முழுக் கட்டியாகவே அனுப்புங்கள், 10% ஃபோர்மலினில், திசுவின் பத்து மடங்கு அளவாவது. போத்தலில் மிதந்தால் கொழுப்பு என்று தெரியும், அவ்வளவுதான். திண்டுக் கொழுப்பும் மிதக்கும். ஊசியால் உறிஞ்சும் பரிசோதனையும் இதே காரணத்தால் பெரிதாக உதவாது. படிவத்தில் "கட்டி" என்று மட்டும் எழுதாமல், உறை இருந்ததா, தசையோடு ஒட்டியிருந்ததா என்று எழுதுங்கள். தசைநார்களுக்குள் ஊடுருவியிருந்தால் திரும்ப வரலாம், அவரை விட்டுவிடாமல் பார்க்க வேண்டும். கொழுப்பணுக்களின் கருக்கள் பெரிதாக, கறுத்துத் தெரிந்தால் புற்றுநோய்த் தன்மை உண்டா என்று பார்க்கும் எம்டிஎம்2 பரிசோதனை தேவைப்படும்.

கொட்டியாரம்:
நன்றி, நன்றாக அசைகிறது. அஸ்பிரின் 75 மி.கி. எடுக்கிறார், நிறுத்தவா?

நிலாவெளி:
வேண்டாம். இந்த அளவு வெட்டுக்கு அதை நிறுத்துவதுதான் ஆபத்து. தைத்த பின் கோஸை மடித்து வைத்து 20 நிமிஷம் அழுத்தச் சொல்லுங்கள். வெற்றிலை, காயம் ஆறும்வரை கூடவே கூடாது.