புது வீட்டுக்குக் கடன்: வங்கியா, நிதி நிறுவனமா?
தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில், கட்டி முடித்து இன்னும் யாரும் குடியேறாத அடுக்குமாடி வீட்டை 62 லட்சம் ரூபாய்க்கு வாங்க முன்பணம் கொடுத்திருக்கிறேன். தேவைப்படும் கடன் 48 லட்சம், பத்திரப் பதிவுக்கு மூன்று வாரமே உள்ளது.

கட்டுநர் கைகாட்டிய வீட்டுவசதி நிதி நிறுவனம் நான்கே நாளில் ஒப்புதல் தந்தது, வட்டி 8.60 சதவீதம், ஆனால் அது அவர்களே நிர்ணயிக்கும் அடிப்படை விகிதத்தைச் சார்ந்தது. என் சம்பளக் கணக்குள்ள வங்கியில் ரெப்போவுடன் (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி விகிதம்) இணைந்த 8.10 சதவீதம், அங்கோ கட்டடப் பணிநிறைவுச் சான்றிதழில் 'பி' பிளாக் என்றும் ஒப்பந்தத்தில் 'பி1' என்றும் இருப்பதால் சொத்து ஆவணங்கள் குறித்து வங்கி வழக்கறிஞர் தர வேண்டிய கருத்துரை நின்றுவிட்டது. கட்டுநரிடம் திருத்தக் கடிதம் கேட்டேன், கிளை மேலாளரை இருமுறை பார்த்தேன், பலனில்லை. இருபது ஆண்டுத் தவணையில் வித்தியாசம் மாதம் சுமார் 1,500 ரூபாய்.

இப்போது நிதி நிறுவனத்தில் வாங்கி, பிறகு வங்கிக்கு மாற்றியவர்களுக்கு, பரிசீலனைக் கட்டணம், அடமானப் பதிவு உட்பட மொத்தம் எவ்வளவு செலவானது?