டெம்பிள் கிராண்டின் படம்: மகளோடு உட்கார்ந்து பார்க்கலாமா?

நடுராத்திரி எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகளுக்கு 11 வயது. ஆட்டிசம் என்று சொல்லி ஏழு வருடம் ஆகிறது. பேசுவாள், தனக்கு வேண்டியதை மட்டும். போன வாரம் தெரிந்தவர் ஒருவர் டெம்பிள் கிராண்டினைப் பற்றிய படத்தைப் பார்க்கச் சொன்னார். ஆட்டிசம் உள்ளவர், மாடுகளுக்கான பட்டிகளையும் வழிகளையும் வடிவமைத்த அமெரிக்க விஞ்ஞானி. 2010ல் எச்பிஓ என்கிற அமெரிக்க டிவி சேனலில் வந்தது, மிக் ஜாக்சன் இயக்கம், டெம்பிளாகக் கிளேர் டேன்ஸ். "பாருங்க, நம்பிக்கை வரும்" என்றார். எல்லோரும் தூங்கிய பிறகு தனியாகப் பார்த்தேன். நம்பிக்கை வந்ததா தெரியவில்லை, தூக்கம் போனது.

படம் மோசம் என்று சொல்லவில்லை. அந்த நடை, அந்த உரத்த குரல், பேச்சுக்கு நடுவே கண் வேறெங்கோ போய்விடுவது, எல்லாம் நான் வீட்டில் தினம் பார்ப்பதுதான். என் பிரச்சினை வேறு. இந்த மாதிரிப் படம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது: "உங்க பொண்ணுக்கு என்ன ஸ்பெஷல் திறமை?" என் நாத்தனார் மட்டும் மூன்று தடவை கேட்டாயிற்று. வரைவாளா, பாடுவாளா, எந்தத் தேதி என்ன கிழமை என்று சொல்வாளா? என் மகளுக்குப் பிடித்தது தாழ்ப்பாள். யார் வீட்டுக்குப் போனாலும் ஒவ்வொரு கதவின் தாழ்ப்பாளையும் நாலைந்து தடவை போட்டுத் திறந்து பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள். இதைத் திறமை என்று நான் யாரிடம் போய்ச் சொல்வது?

எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். படத்தில் வருவதில் எவ்வளவு நிஜம்? அப்புறம், இதை அவளோடு உட்கார்ந்து பார்க்கலாமா? தானாகத் திறக்கிற கண்ணாடிக் கதவைக் கண்டு டெம்பிள் மிரளுகிற இடத்தில் எனக்கே வயிற்றைப் பிசைந்தது.

மாட்டு டாக்டர் எழுதியது:

அம்மா, ஆட்டிசம் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. மாட்டைப் பற்றிச் சொல்கிறேன். முப்பது வருடம் அதுகளோடுதான் காலம் போனது, இப்போது ஓய்வு.

படத்தில் மாடு நடந்துகொள்கிற விதம் பொய் இல்லை. மாட்டுக்குக் கண் தலையின் இரு பக்கமும் இருக்கிறது. கிட்டத்தட்டச் சுற்றிலும் பார்க்கும், நேர் பின்னால் மட்டும் தெரியாது. அதனால் நம் கண்ணில் படாததெல்லாம் அதற்குப் பூதம். வேலியில் யாரோ மாட்டிவிட்டுப் போன சட்டை, ஆடுகிற சங்கிலித் துண்டு, தரையில் குறுக்கே விழுந்த நிழல், தேங்கிய தண்ணீரின் மினுக்கம். மாடு நின்றுவிடும். ஆட்கள் பின்னால் நின்று கத்துவார்கள், குத்துவார்கள். அது இன்னும் மிரளும். இந்தப் பெண் 1970களில் அரிசோனாவில் என்ன செய்தார் என்றால், மாடு போகிற சந்துக்குள் தானே இறங்கி, மாட்டின் கண் உயரத்துக்குக் குனிந்து, அங்கிருந்து போட்டோ எடுத்தார். அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று எழுதுகிறேனே தவிர, முப்பது வருடத்தில் நான் ஒரு நாள்கூட அப்படிக் குனிந்து பார்த்ததில்லை.

அவர் போட்ட வழிகள் வளைந்து போகும். மாட்டுக்கு வந்த வழியே திரும்பிப் போகிற புத்தி. வளைவில் நடத்தினால் திரும்பிப் போவதாகவே நினைத்துக்கொண்டு நடக்கும். முனையில் நிற்கிற ஆளும் கண்ணில் பட மாட்டான்.

மருந்துத் தொட்டிக் காட்சியும் நடந்ததுதான். சொறி, உண்ணி போக மாட்டை முழுசாக முக்கி எடுக்கிற தொட்டி அது, ஏழு அடி ஆழம். பழைய தொட்டிகளில் வழுக்குகிற சறுக்கில் மாட்டைத் தள்ளிவிடுவார்கள், அது மிரண்டு பின்பக்கமாகக் கவிழும். டெம்பிள் சரிவில் கால் பிடிக்கிற மாதிரி பள்ளம் பள்ளமாக வைத்தார். மாடு தானாக நடந்து இறங்கும், சரிவு தண்ணீருக்கு அடியில் சட்டென்று முடியும், கால் வைக்கப் போய் நீந்த ஆரம்பித்துவிடும். அங்கிருந்த ஆட்கள் இதை நம்பவில்லை. பள்ளத்தின் மேல் இரும்புத் தகடு போட்டு மறுபடி சறுக்காக்கினார்கள். முதல் நாளே இரண்டு மாடு மூழ்கிச் செத்தது. இதை அவரே எழுதியிருக்கிறார். உங்கள் மகளுக்குக் காட்டுவதென்றால் இந்த இடத்தை மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். டெம்பிளின் காரின் மேல் ஆட்கள் காளையின் விதைப்பைகளை எறிந்து வைக்கிற காட்சியும் ஒன்று உண்டு. அதுவும் நிஜம்தான்.

இன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் வெட்டுக்குப் போகும் மாடுகளில் ஏறக்குறையப் பாதி, அவர் வடிவமைத்த அமைப்புகளின் வழியாகத்தான் போகின்றன. வெட்டுக்குப் போகிற மாட்டுக்கு இவ்வளவு அக்கறை எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. எனக்கு அந்தக் கேள்வி எழுந்ததே இல்லை.

இடைவேளை எழுதியது:

எம்மி என்கிற அமெரிக்க டிவி விருது விழாவில் டெம்பிளே நேரில் கௌபாய் சட்டையோடு உட்கார்ந்திருந்தார், அதைத் தேடிப் பாருங்கள். படத்துக்கு ஏழு எம்மி. கிளேர் டேன்ஸ், அம்மாவாக நடித்த ஜூலியா ஆர்மண்ட், ஆசிரியராக வந்த டேவிட் ஸ்ட்ராதெர்ன் மூவருக்கும் உண்டு. என் ஓட்டு ஆர்மண்டுக்கு.

பிழைதிருத்தி எழுதியது:

அக்கா, நான் ஆட்டிஸ்டிக். எனக்கே அது தெரிந்தது 33 வயதில். அதனால் கொஞ்சம் உள்ளேயிருந்து சொல்கிறேன்.

எனக்கு இந்தப் படத்தில் பிடித்தது சாதனை இல்லை, செருப்பு. பள்ளி ஆசிரியர் கார்லாக் செருப்பைப் பற்றிக் கேட்டதும் டெம்பிளின் தலைக்குள் இதுவரை பார்த்த செருப்பும் ஷூவும் வரிசையாக ஓடுமே, அந்தச் சில நொடிகள். ஒரு மனுஷியின் மூளைக்குள் என்ன ஓடுகிறது என்று வசனமே இல்லாமல் காட்டிவிட்டார்கள். ஆனால் அதைப் பார்த்துவிட்டு உங்கள் மகளும் இப்படித்தான் யோசிப்பாள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எனக்குப் படம் வரவே வராது. செருப்பு என்றால் எனக்கு முதலில் வருவது "ப்" வைத்து எழுதினார்களா என்பதுதான். நாள் முழுக்க அச்சுப்பிழை பார்க்கிற வேலை, எனக்கு அது சுகம். டெம்பிளும் முதலில் ஆட்டிசம் உள்ள எல்லோரும் தன்னைப் போலவே படமாக யோசிக்கிறார்கள் என்றுதான் 1995ல் எழுதினார். அப்புறம் தானே திருத்திக்கொண்டார்: சிலர் படம், சிலர் கணக்கும் ஒழுங்கமைப்பும், சிலர் சொல். எழுதிய புத்தகத்தைத் தானே தப்பென்று சொல்கிறவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். தொழில் அப்படி.

நிஜம் எவ்வளவு என்று கேட்டீர்கள். பெரும்பாலும் நிஜம், வரிசையில்தான் கொஞ்சம் கலைத்திருக்கிறார்கள். அணைப்பு இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். படத்தில் அதைக் கல்லூரி அறையில் செய்கிறார். உண்மையில் 18 வயதில், பள்ளியில் இருக்கும்போதே செய்துவிட்டார். அரிசோனாவில் அத்தை பண்ணையில் ஊசி போடுவதற்காக மாட்டை இரு பக்கமும் பலகையால் அழுத்திப் பிடிக்கிற கூண்டைப் பார்த்தார். உள்ளே போன சில மாடுகள் அடங்கிவிடுவதைக் கவனித்தார். தானும் உள்ளே போய் நின்று பார்த்தார். அப்புறம் மெத்தை வைத்த இரண்டு பலகை, இழுத்தால் அழுத்தம் கூடுகிற ஒரு பிடி என்று தனக்கென்று ஒன்று. பள்ளியில் இதை ஏதோ தப்பான காரியமாகப் பார்த்தார்கள், பிடுங்கப் பார்த்தார்கள். கார்லாக் மட்டும், அது ஏன் உன்னை அமைதியாக்குகிறது என்று அறிவியலாகக் கண்டுபிடி என்றார்.

இதில் முக்கியமானது அந்தப் பிடி. எவ்வளவு அழுத்தம், எப்போது நிறுத்துவது என்பது அவர் கையில். மனிதர்கள் கட்டிப்பிடிக்கும்போது அது நம் கையில் இல்லை. நான் சின்ன வயதில் கட்டில் மெத்தைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கில் நுழைந்து படுத்துக்கொள்வேன். உறவுக்காரர்கள் வந்தால் முதல் வேலை அதுதான். "பிசாசு மாதிரி ஒளிஞ்சுக்கறா" என்பார்கள். படத்தில் அந்தப் பலகைகள் மூடுகிற காட்சியில் என் தோள் தானாகத் தளர்ந்தது. எத்தனை விமர்சனம் படித்தேன், அந்தப் பிடியைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. எல்லோரும் அம்மா அணைப்பையே எழுதுகிறார்கள்.

அந்த இயந்திரம் அப்புறம் பழுதாகிவிட்டது. சரி செய்யவில்லை, இப்போது மனிதர்களைக் கட்டிப்பிடிக்கிறேன் என்று படம் வந்த வருடம் ஒரு பேட்டியில் சொன்னார். அப்போது அவருக்கு 62. அறுபது வருடம் எடுத்துக்கொண்டது, அதையும் உங்கள் நாத்தனாரிடம் சொல்லலாம்.

மருத்துவர் காட்சி பற்றி ஒன்று. ஆட்டிசம் தாயின் அன்புக் குறைவால் வருவது என்கிற மாதிரி மருத்துவர் பேசுவார். அந்தக் காலத்தில் இப்படித்தான் பேசினார்கள், "குளிர்பதனப் பெட்டி அம்மாக்கள்" என்று பேரே வைத்திருந்தார்கள். புருனோ பெட்டல்ஹைம் என்கிற உளவியலாளர் 1967லும் அதையே புத்தகமாக எழுதினார். பெர்னார்ட் ரிம்லண்ட் என்பவர், அவர் மகனுக்கும் ஆட்டிசம், 1964லேயே இது மூளை சம்பந்தப்பட்டது என்று எழுதியும் அந்தப் பழி போக வருடங்கள் ஆனது. டெம்பிளின் அம்மா யூஸ்டேசியா கட்லரிடம் டாக்டர்கள் முதலில் சொன்னது மூளைச் சேதம் என்று. அப்பா மனநலக் காப்பகத்தில் சேர்த்துவிடலாம் என்றார், அம்மா மறுத்தார். அப்பாவைப் பற்றிப் படம் ஏறக்குறைய வாயே திறக்கவில்லை. அது எனக்குக் குறையாகத்தான் பட்டது.

உங்கள் எரிச்சல் எனக்குப் புரிகிறது. படம் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு, அதனால் எல்லாம் தாவித் தாவிப் போகிறது. நிஜத்தில் 1970ல் பட்டம், 1975ல் முதுகலை, 1989ல்தான் பிஎச்டி. நடுவில் மாட்டுப் பட்டிக்குள் விட மாட்டேன் என்றவர்களிடம் பண்ணைப் பத்திரிகை ஒன்றின் நிருபர் அட்டையைக் காட்டி நுழைந்தார். இதை யாரும் திறமைக் கணக்கில் சேர்ப்பதில்லை. எனக்கென்னவோ அந்த அட்டைதான் பெரிசு.

மகளோடு பாருங்கள், ஆனால் ரிமோட் அவள் கையில் இருக்கட்டும். சத்தத்தைப் பாதியாக வையுங்கள். மின்விசிறி, இயந்திரம் எல்லாம் டெம்பிளுக்குக் கேட்கிற மாதிரியே நம் காதிலும் உறைக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். நமக்கு அது பாடம், அவளுக்கு அது வலி. குதிரை இறந்துபோகிற இடமும் உண்டு. "எங்கே போச்சு?" என்று டெம்பிள் கேட்பாள். அவளும் கேட்டால் சொல்ல ஒரு பதில் வைத்துக்கொள்ளுங்கள், சொர்க்கம் கிர்க்கம் என்று சுற்றாமல்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

எல்லாம் சரி. டெம்பிளின் தாத்தா விமானங்களுக்கான ஆட்டோபைலட்டைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர். சின்ன வயதிலேயே பேச்சுப் பயிற்சி, வீட்டில் விளையாட்டுக் காட்ட ஆயா, மலைப்பக்கத்தில் தனியார் பள்ளி. அந்த அரிசோனா பண்ணை அம்மாவின் இரண்டாவது கணவருடைய சகோதரியுடையது. டெம்பிள் உழைக்கவில்லை என்று சொல்லவில்லை. இதே மாதிரி மூளையோடு 1947ல் ஏழை வீட்டில் பிறந்த பெண்ணைப் பற்றி எச்பிஓ படம் எடுக்க ஒன்றும் மிஞ்சியிருக்காது.

பிழைதிருத்தி எழுதியது:

உண்மை. இதை டெம்பிளின் எதிரியாக நினைத்துச் சொல்லவில்லை என்றால் எனக்கும் ஒப்புதல்தான்.

நடுராத்திரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று பார்த்தோம். ரிமோட் அவள் கையில், சத்தம் பாதிக்கும் கீழே.

ஆரம்பத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தாள், எழுந்தாள், சோபாவுக்குப் பின்னால் போனாள், நான் நிறுத்திவிடலாமா என்று யோசித்தேன். அப்போது பண்ணையில் அந்த கேட் வந்தது. காரைவிட்டு இறங்காமல் கயிற்றை இழுத்தால் திறந்துகொள்கிற மாதிரி டெம்பிள் செய்துவைப்பாளே, அது. சோபாவுக்குப் பின்னாலிருந்து கை மட்டும் வந்தது. பின்னால் ஓட்டினாள். மறுபடி ஓட்டினாள். ஒன்பது தடவை எண்ணினேன், அதற்கப்புறம் எண்ணவில்லை. மீதிப் படத்தை நாங்கள் பார்க்கவில்லை. அணைப்பு இயந்திரம், தொட்டி, மேடைப் பேச்சு எதுவும் இல்லை, ஒரு கேட் மட்டும்தான்.

அப்புறம் என்னிடம் வந்து ஒரு கேள்வி கேட்டாள். அவளாக ஒரு கேள்வி கேட்டு மாதக்கணக்காகிறது. "தெறக்குது. எப்படி மூடும்?"

நானும் அந்த இடத்தை ஓட்டி ஓட்டிப் பார்த்தேன், எனக்குப் பிடிபடவில்லை. மாட்டு டாக்டர் ஐயா, பண்ணை கேட்டில் கயிற்றை விட்டதும் மூடிக்கொள்ள என்ன வைப்பார்கள்? எடை கட்டித் தொங்கவிடுவார்களா, சாய்வாக மாட்டுவார்களா? காலையிலிருந்து நாலு தடவை கேட்டுவிட்டாள்.