குடும்பக் குழு: சின்னப் பிள்ளைகளுக்கான ஓடியாடும் விளையாட்டுகள்

சித்தி: ஞாயிறன்று எல்லோரும் கூடும்போது 3 முதல் 5 வயது வரையிலான பிள்ளைகளும் இருப்பார்கள். கைபேசியைக் கொடுத்து உட்கார வைக்காமல் அவர்களை ஓடியாட வைக்க என்ன செய்யலாம் என்று, மழலையர் வகுப்பில் பணியாற்றிய அக்காதான் சொல்ல வேண்டும்.

பெரியம்மா: தோற்றவர் வெளியேற வேண்டும் என்ற விதி மட்டும் இந்த வயதுக்கு வேண்டவே வேண்டாம். பாட்டு நின்றதும் நாற்காலி பிடிக்கும் விளையாட்டில் முதலில் வெளியேறுவது பெரும்பாலும் இருப்பதிலேயே சின்னப் பிள்ளைதான். எந்தப் பிள்ளைக்குப் பயிற்சி அதிகம் தேவையோ, அந்தப் பிள்ளையே நெடுநேரம் ஓரமாக உட்கார்ந்திருக்க நேர்கிறது. நாற்காலிக்குப் பதிலாக ஒரு பாயை விரித்து, பாட்டு நின்றதும் அனைவரும் அதில் நெருக்கியடித்து ஏற வேண்டும் என்று மாற்றிவிடலாம்.

மாமா: அவ்வளவு ஓடினால் களைத்துவிட மாட்டார்களா, அக்கா?

பெரியம்மா: உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 3, 4 வயதுப் பிள்ளைகள் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடங்கள் உடலை அசைத்து இயங்க வேண்டும், அதில் 60 நிமிடங்களாவது மூச்சு வாங்கும்படியான ஆட்டமாக இருக்க வேண்டும், தம்பி. அதை நாள் முழுவதும் பிரித்துக்கொள்ளலாம். சற்று ஓடி, நின்று, மறுபடி ஓடுவதே அவர்கள் இயல்பு.

தாத்தா: என்னால் ஓட முடியாதம்மா. எனக்கு ஏதாவது வேலை உண்டா?

பெரியம்மா: முக்கியமான வேலையே உங்களுக்குத்தான், அப்பா. நீங்கள் கைதட்டும்வரை பிள்ளைகள் ஆட வேண்டும், நிறுத்தியதும் சிலையாக நிற்க வேண்டும். வேகமாகத் தட்டினால் வேகமாகவும் மெல்லத் தட்டினால் மெல்லவும் ஆடட்டும். ஆடத் துடிக்கும் உடலை அடக்கி நிறுத்துவது இந்த வயதில் எளிதன்று. அதனாலேயே இதை நான் பெரிதும் விரும்புகிறேன்.

சித்தி: ஒற்றைக்காலில் குதிக்க வரவில்லை என்று என் மகள் அழுகிறாள், இப்போதுதான் 3 வயது முடிந்தது.

பெரியம்மா: அது பெரும்பாலும் 4 வயதையொட்டித்தான் கைகூடும். அதுவரை தவளைபோல் இரண்டு காலாலும் குதிக்கட்டும்; கரடிபோலவும் நண்டுபோலவும் நடக்கட்டும். பெரியவர்கள் ஓரமாக நின்று ஏவாமல் தாமும் தவழ்ந்தால், கூச்சப்படும் பிள்ளையும் தானாகச் சேர்ந்துகொள்ளும். பலூன் மெதுவாக இறங்குவதால் தட்டி விளையாட நல்லது. ஆனால் வெடித்த துண்டை வாயில் போட்டால் மூச்சடைக்கும் என்பதால் உடனே பொறுக்கிவிட வேண்டும். வழுக்கும் தரையில் காலுறை வேண்டாம்.

மாமா: சரி அக்கா, கூடத்து மேசையைச் சனிக்கிழமை இரவே நகர்த்திவிடுகிறேன். முதல் கரடி நானே.