பிளேட் வைத்த எலும்பில் சீழ்: அழுத்த ஆக்சிஜன் உதவுமா, காலத்தைத் தின்னுமா?

செந்தூல்_காற்றறை:
முறிந்த எலும்பைப் பிடிக்க உலோக பிளேட் போட்ட காலில் மாதக்கணக்கில் சீழ் கசிந்தால், ஆன்டிபயாடிக்கோடு அழுத்த அறை ஆக்சிஜனையும் (காற்றழுத்தம் கூட்டிய மூடிய அறைக்குள் சுத்த ஆக்சிஜன் சுவாசிப்பது) தொடக்கத்திலேயே சேர்க்கணும். முயல் ஆய்வுகளில் சீழ் பிடித்த எலும்பின் ஆக்சிஜன் அழுத்தம் 20 மி.மீ. பாதரசம் வரை இறங்கிக் கிடந்தது. அறைக்குள் 100ஐத் தாண்டியது. ஆக்சிஜன் குறைந்தால் வெள்ளணு கிருமியை விழுங்கும், கொல்லத் திணறும். ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் கிருமிக்குள் நுழையவும் ஆக்சிஜன் வேண்டும்.

ஜார்ஜ்டவுன்_எலும்பன்:
அந்த முயல்களுக்கு யாரும் பிளேட் வைக்கவில்லையே, அண்ணே. இங்கே எதிரி உலோகத்தின் மேல் படரும் பயோஃபிலிம், அதாவது கிருமிகள் ஒட்டிக்கொண்டு தங்களைச் சுற்றிக் கட்டும் வழவழப்பான படலம். செத்த எலும்புத் துண்டுக்கு ரத்த ஓட்டமே கிடையாது. ரத்தத்தில் கரைத்த ஆக்சிஜன் அங்கே எந்த வழியாகப் போகும்? முதலில் கத்திதான். ஆபரேஷன் முடிந்து மூன்று, நான்கு வாரத்துக்குள் பிடிபட்டு, ஸ்க்ரூ ஆடாமல் இருந்தால் சீழையும் செத்த திசுவையும் சுரண்டிக் கழுவி பிளேட்டை விட்டுவைக்கலாம். மாதங்கள் ஓடியிருந்தால் கதை வேறு: எலும்பு சேர்ந்துவிட்டதா, கழற்று, சேரவில்லையா, கழற்றிவிட்டு வெளிச்சட்டம் (எலும்பைக் காலுக்கு வெளியிலிருந்து கம்பிகளால் பிடிக்கும் சட்டம்) போடு.

மருந்தக_அக்கா:
இருவரும் மருந்தை மறந்துவிட்டீர்கள். கிருமி ஸ்டஃபைலோகாக்கஸ் வகை என்றால், ரிஃபாம்பிசினை இன்னொரு ஆன்டிபயாடிக்கோடு சேர்த்துத் தரும் கூட்டுதான் பயோஃபிலிமுக்கு நல்ல ஆயுதம். அதைத் தனியாகக் கொடுக்கவே கூடாது, சில நாளிலேயே கிருமி பழகிவிடும். சுரண்டி முடித்து, காயம் காய்ந்த பிறகே தொடங்கணும். ரத்தம் உறையாமல் காக்கும் வார்ஃபரின், கருத்தடை மாத்திரை இரண்டின் வேலையையும் அது குறைக்கும். கூட்டாளி சிப்ரோஃப்ளாக்சசின் என்றால் பாலோடு விழுங்காதீர்கள். தே தாரிக்கோடு (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) மாத்திரை போடுகிறவர்கள் நம்மில் ஏராளம்.

செந்தூல்_காற்றறை:
எலும்பா, கத்திக்குப் பதிலாக என்று நான் சொல்லவே இல்லை. சுரண்டிய பிறகு மிஞ்சும் எலும்பு ரத்தம் குறைந்தது, அதற்குத்தான் கேட்கிறேன். 2.4 வளிமண்டல அழுத்தம், சுத்த ஆக்சிஜன் 90 நிமிடம், வாரம் ஐந்து நாள், 30 முதல் 40 தடவை. 20 அல்லது 30 நிமிடத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் சாதாரணக் காற்று. இல்லாவிட்டால் வலிப்பு அபாயம் கூடும். இனிப்புநீர் உள்ளவருக்கு உள்ளே சர்க்கரை இறங்கலாம், குத்திப் பார்த்தே அனுப்பணும். நுரையீரல் உறையில் காற்று சிக்கியிருந்தால் அனுப்பவே கூடாது.

ஜார்ஜ்டவுன்_எலும்பன்:
அளவெல்லாம் சரி. பிளேட் தொற்றில் அதன் பலனை நிரூபித்த பெரிய சமவாய்ப்புச் சோதனை (நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிடுவது) எங்கே? நடப்பையும் பாருங்கள். பேராக் மாநில லுமுட் ராணுவ மருத்துவமனையில் உள்ள அழுத்த அறைக்கு கோலாலம்பூரிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல். 40 தடவை யார் போவார்? தூரத்துக்குப் பயந்து ‘வெல்னஸ்’ கடையின் காற்றுப்பைக்குள் போய்ப் படுப்பார்கள். அது 1.3 அழுத்தம், சாதாரணக் காற்று. 1.3ஐ 21ஆல் பெருக்குங்கள்: தரையில் 27 சதவீத ஆக்சிஜன் சுவாசித்ததற்குச் சமம். சாதாரண முகமூடியே அதைவிட அதிகம் தரும்.

செந்தூல்_காற்றறை:
பைக்கடைக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் ஒருமுறை சுரண்டி, மருந்து முடித்து, மறுபடி சீழ் வந்தவருக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்? அழுத்த மருத்துவச் சங்கப் பட்டியலில் பிடிவாத எலும்புத் தொற்று சும்மாவா இருக்கிறது?

ஜார்ஜ்டவுன்_எலும்பன்:
அவருக்கு மட்டும் ஒத்துக்கொள்கிறேன், முதல் சுற்றுக்கு இல்லை. அறைக்கு அனுப்பும் முன் கிருமி எது என்று தெரியணும். முடிந்தால் இரண்டு வாரம் ஆன்டிபயாடிக் நிறுத்தி, ஆழத்திலிருந்து ஐந்து திசு மாதிரி, ஒவ்வொன்றுக்கும் புதுக் கருவி. சீழ் வழியும் ஓட்டையில் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்ததைக் கொண்டு வராதீர்கள், அது தோல் கிருமியைத்தான் காட்டும்.